வாசகர் கேள்வி – பதில்: ஐயா காலத்து லாரியும் அசையாத முள்ளும்

கேள்வி: எங்கள் ஐயா 1950-களின் இறுதியில் வாங்கிய ஃபார்கோ லாரி, வீட்டின் பின்கட்டை ஒட்டிய கொட்டகையில் பல ஆண்டுகள் நின்றிருந்தது. சென்ற ஆண்டு அதைப் பழுதுபார்த்து ஓடவைத்துவிட்டோம். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து செல்லும் எங்கள் குழுவின் சாமான்களை அதில் ஏற்றிச் செல்வதாக உத்தேசம். பெர்க்கின்ஸ் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 12 வோல்ட் பாட்டரி, நெகட்டிவ் எர்த் (பாட்டரியின் நெகட்டிவ் முனை வண்டித் தகட்டோடு இணைந்தது), பழைய டைனமோ. டேஷ்போர்டில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது என்பதால், 4, 6, 8 என்று சிலிண்டர் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சுடன் 8,000 வரை அளவு போட்ட மீட்டர் ஒன்றை வாங்கினேன். சுழற்சியை அறியவேண்டிய அதன் பச்சை வயரை எலக்ட்ரீஷியன் டைனமோவில் இணைத்துப் பார்த்தார்; முள் அசையவே இல்லை. மீட்டர் பழுதா? டேஷ்போர்டில் துளை போட ஆளைச் சொல்லி வைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இந்த இதழ் தங்கள் கைக்கு வருவதற்குள் துளை போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்த வேலையில் துளை போடுவது கடைசிக் காரியம். எஞ்சினின் சுழற்சியை மீட்டருக்குச் சொல்லும் துடிப்பு எங்கிருந்து வரப்போகிறது என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை கிடைக்காமல் வாங்கிய மீட்டரும் வெட்டிய தகடும் வீண்தான்.

தங்கள் மீட்டர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிலிண்டர் எண்ணிக்கையைக் கேட்கும் மீட்டர்கள் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சினுக்கென்று செய்யப்பட்டவை. பெட்ரோல் எஞ்சினில், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலின் ஒரு முனையில் மின்துடிப்பு ஒன்று எழும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிவதால், நான்கு சிலிண்டருக்குச் சுற்றுக்கு 2 துடிப்பு, ஆறு சிலிண்டருக்கு 3, எட்டு சிலிண்டருக்கு 4 என்று கணக்கு. மீட்டர் இந்தத் துடிப்புகளைத்தான் எண்ணுகிறது. டீசல் எஞ்சினில் காயிலும் இல்லை, பாயின்டும் இல்லை. அமுக்கத்தின் வெப்பத்திலேயே எண்ணெய் எரிந்துவிடுகிறது. எனவே எண்ணுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

டைனமோவில் இணைத்தது ஏன் பயன்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிற்கால வண்டிகளில் டைனமோவுக்குப் பதிலாக வந்த ஆல்டர்னேட்டர் உள்ளுக்குள் மாறுமின்னோட்டத்தை உண்டாக்கி, டையோடுகளால் அதை நேர்மின்னோட்டமாக்குகிறது. டையோடுக்கு முன்பே ஒரு வயரை வெளியே எடுத்து ‘டபிள்யூ’ என்று குறித்த முனையில் விட்டிருந்தால், அங்கே சுழற்சிக்கு ஏற்ற துடிப்பு கிடைக்கும். டீசல் வண்டிகளின் மீட்டர்கள் பலவும் இதையே நம்பியிருக்கின்றன. டைனமோவோ கம்யூட்டேட்டரிலும் கார்பன் பிரஷிலும் நேர்மின்னோட்டமாகவே வெளியே விடுகிறது. அதில் மீட்டர் நம்பி எண்ணத்தக்க துடிப்பு எதுவும் இல்லை.

டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். விளக்கும் சார்ஜும் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஐயா காலத்து டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது, ஒரு முள்ளை அசைப்பதற்காக அதைக் கழற்றுவதை நான் விரும்பமாட்டேன். இன்னொரு வழி, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் ரிங் கியர் பற்களுக்கு நேரே, ஃப்ளைவீல் ஹவுசிங்கில் துளையிட்டு மரை வெட்டிக் காந்த பிக்கப் சென்சார் பொருத்துவது. ஜெனரேட்டர்களில் இம்முறையே வழக்கம். சென்சாரின் முனை பல்லைத் தொடும்வரை கையால் முடுக்கி, பிறகு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று வரை பின்னே திருப்பி, நட்டால் பூட்டவேண்டும், 1.5 மில்லிமீட்டர் மரையில் அரைச் சுற்று என்பது 0.75 மில்லிமீட்டர் இடைவெளி. சுற்றுக்கு நூறு துடிப்புக்கு மேலும் கிடைக்கும் என்பதால் முள் துல்லியமாக நிற்கும். ஆனால் பல்லின் எண்ணிக்கையைப் பதிவுசெய்துகொள்ளும் வேறு வகை மீட்டர் அதற்கு வேண்டும். பழைய வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் துளையிடவும் வேண்டும். இரண்டுமே தங்களுக்குக் கூடுதல் செலவு.

வாங்கிய மீட்டரையே பயன்படுத்த வழி இருக்கிறது. எஞ்சினின் முன்னால் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியின் முகத்தில் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று சிறு காந்தங்களைப் பதித்து, அவற்றுக்கு எதிரே எஞ்சினின் முன்பக்கத்து போல்ட் ஒன்றில் பட்டை அடித்து காந்தம் எதிரே வரும்போதெல்லாம் துடிப்பு தரும் ஒரு ஹால் சென்சாரை நிறுத்தினால், சுற்றுக்கு 3 துடிப்பு கிடைக்கும். சுவிட்சை 6-இல் வைத்தால், இது ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் என்றே மீட்டர் நினைத்துக்கொள்ளும். சென்சாரின் வெளியீட்டு வயருக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் வேண்டியிருக்கும். அதை எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் யாரும் சேர்த்துத் தருவார். சில மீட்டர்கள் 12 வோல்ட் துடிப்பிலேயே விழித்துக்கொள்ளும். வேறு சில, காயிலில் எழும் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்புக்கே அசையும். ஆகவே புல்லியைத் தொடும் முன், மேசைமீது மின்விசிறி ஒன்றின் இறக்கையில் காந்தத்தை ஒட்டிவைத்தாவது சோதித்துப் பாருங்கள்.

காந்தங்களைப் பசையால் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். 90 மில்லிமீட்டர் ஆரத்தில், நிமிடத்துக்கு 2,400 சுற்றில், 5 கிராம் காந்தத்தை வெளிப்புறமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமம். புல்லியின் முகத்தில் ஆழமற்ற குழி துளைத்து, அதனுள் காந்தத்தை இறக்கி எப்பாக்ஸி ஊற்றினால், குழியின் சுவரே அந்த விசையைத் தாங்கிக்கொள்ளும். பாகை பிசகினால் புல்லி சமநிலை இழக்கும் என்பதால், இதை லேத் பட்டறையில் குறித்து வாங்குவது உத்தமம்.

8,000 வரையிலான அளவைப் பற்றி ஒரு சொல். அக்காலக் கனரக டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டுவதில்லை. எனவே தங்கள் மீட்டரில் முள் கால் வட்டத்துக்குச் சற்று மேல்தான் நடமாடும். எஞ்சினுக்கு உரிய உச்சவேகம் எதுவோ அந்த இடத்தில் கண்ணாடியின் மேல் ஒரு சிவப்புக் கோடு தீட்டிக்கொள்ளுங்கள். ‘கவர்னர் இருக்கும்போது கோடு எதற்கு’ என்று ஓட்டுநர் கேட்கக்கூடும். கவர்னர் வேகம் மிகும்போது எண்ணெயைத்தான் நிறுத்தும். இறக்கத்தில் கியரோடு வண்டி இறங்கும்போது, சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுவதை அதனால் தடுக்க முடியாது. நம் செம்மண் சீமையில் இறக்கம் ஏது என்று இருந்துவிடாதீர்கள். பாரம் ஏற்றிய லாரியில், மூன்றாம் கியரிலிருந்து தவறி முதல் கியருக்குப் போனாலே அது நடந்துவிடும்.

பாதயாத்திரைக்கு இந்த மீட்டர் வேறொரு விதத்தில் உதவும். மணிக்கு 4, 5 கிலோமீட்டர் என்று நடப்பவர்களின் பின்னால் ஊர்ந்துபோகும்போது, எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் டைனமோ சார்ஜ் செய்யாது. முகப்பு விளக்கும் எரிந்தால் பாட்டரி இறங்கிவிடும். புறப்படுவதற்கு முன் ஒருநாள், ஆம்மீட்டரையும் ஆர்.பி.எம். மீட்டரையும் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, எந்தச் சுற்றில் ஆம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் தேநீருக்கு நிற்கும்போதெல்லாம் அந்த எண்ணுக்கு மேல் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடலாம்.

கேள்வி: என்னிடம் 1951-ஆம் ஆண்டு டாட்ஜ் பெட்ரோல் லாரி உள்ளது; 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். பெட்ரோல் எஞ்சின் என்பதால் எனக்கு இது எளிதுதானே?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: துடிப்பு கிடைப்பது எளிது; மற்றது எளிதல்ல. கடைகளில் கிடைக்கும் மின்னணு மீட்டர்கள் 12 வோல்ட்டுக்கும் நெகட்டிவ் எர்த்துக்கும் செய்யப்பட்டவை. அவற்றின் உலோக உறை பெரும்பாலும் உள்ளேயே நெகட்டிவோடு இணைந்திருக்கும். தங்கள் வண்டியின் தகடு முழுவதும் பாசிட்டிவ். உறை டேஷ்போர்டைத் தொட்ட கணமே பாட்டரி குறுக்கிணைப்பாகிவிடும். ஃப்யூஸ் இல்லையென்றால் வயர் எரியும், அதிலும் துணி சுற்றிய பழைய வயர் மிக விரைவில் எரியும்.

எர்த்தை மாற்றுவது பெரிய வேலை அல்ல. பாட்டரி, ஆம்மீட்டர், காயில் ஆகிய மூன்றின் இணைப்புகளையும் இடம் மாற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் முன் டைனமோவுக்குப் புதிய துருவம் ஏற்றவேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லூகாஸ் வகை டைனமோவில், எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் அம்முனையை ஓரிரு நொடி தொடுவது வழக்கம். தங்கள் டாட்ஜில் உள்ளதைப்போன்ற அமெரிக்க வகையிலோ, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் பாட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கணம் வயரால் சேர்த்து எடுக்கவேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றுக்குச் செய்தால் ரெகுலேட்டரின் பாயின்ட் கருகக்கூடும்.

6 வோல்ட்டை 12 ஆக்குவதோ பல்புகள், காயில், ரெகுலேட்டர், மீட்டர்கள் என்று வண்டி முழுவதையும் தொடும் வேலை. ஒரு மீட்டருக்காக அதைச் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து. சென்ற தலைமுறை ஓட்டுநர்கள் காதால் கேட்டே கியர் மாற்றினார்கள். தங்கள் டாட்ஜும் அப்படியே ஓடட்டும்.

கேள்வி: என் பழைய பெட்ஃபோர்டு லாரிக்கு 80 மில்லிமீட்டர் மீட்டர் வாங்கியிருக்கிறேன். டேஷ்போர்டில் வலப்புறம் வெற்றிடம் இருக்கிறது. எப்படித் துளையிடுவது?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: துளையிடாதிருப்பதே நல்லது. தங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய கதவையும் நிலையையும் விலை பேசுவோர், பிற்காலத்தில் அடித்த ஓர் ஆணித் துளையைக் கண்டாலே விலையைக் குறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வண்டியின் டேஷ்போர்டுக்கும் அதே கதிதான்.

ஊரிலேயே கடைசல் வேலை செய்யும் ஆசாரியிடம் பழைய தேக்குக் கட்டை ஒன்றைக் கொடுத்து, மீட்டர் உட்காரும் அளவுக்குக் கிண்ணம்போலக் கடைந்து வாங்குங்கள். டேஷ்போர்டின் கீழ் விளிம்பில் ஏற்கெனவே உள்ள திருகுகளில் ஒரு பட்டையை மாட்டி, அதில் கிண்ணத்தைத் தொங்கவிடலாம். மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உபரி நன்மை. ஆனால் அதே காரணத்தால் மீட்டரின் எர்த் வயரைத் தனியாகச் சேஸிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். சிவப்பு வயரைச் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் முனையிலிருந்து, 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக எடுங்கள். எஞ்சின் அறையிலிருந்து தகட்டைத் துளைத்து வயர் வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட மறக்கவேண்டாம். பாட்டரி இரண்டாகத் தொடர்ந்து இணைத்து 24 வோல்ட்டாக இருந்தால், ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். இரண்டும் சமமாகச் சார்ஜ் ஆகாமல் ஒன்று சீக்கிரம் செத்துப்போகும். 24-ஐ 12 ஆக்கும் சிறு கருவி கிடைக்கிறது.

கேள்வி: ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையில் இணைத்த மீட்டர், எஞ்சின் மெதுவாக ஓடும்போதே 1,300 காட்டுகிறது, சில வேளை முள் நடுங்கவும் செய்கிறது.
— ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: மீட்டருக்குத் தங்கள் ஆல்டர்னேட்டரின் கணக்கு இன்னும் தெரியவில்லை. கிராங்க் புல்லியின் விட்டம் 180 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 75 என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்னேட்டர் 2.4 சுற்று. பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் 12 துருவங்கள், அதாவது 6 இணைகள் இருக்கும், 2.4-ஐ 6-ஆல் பெருக்கினால் 14.4 துடிப்பு. தங்கள் புல்லிகளை அளந்து இந்த எண்ணைக் கண்டுபிடித்து, மீட்டரின் பின்புறத்துத் திருகிலோ சுவிட்சிலோ அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஒளியை எதிரொளிக்கும் நாடாவை ஒட்டி, கையில் பிடிக்கும் ஒளிவகை ஆர்.பி.எம். மீட்டரால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

முள் நடுங்குவதற்கு இரண்டே காரணங்களைத்தான் முதலில் தேடுவேன். ஒன்று, பெல்ட் தளர்ந்து வழுக்குவது. முகப்பு விளக்கைப் போட்டவுடன் நடுக்கம் கூடினால் இதுதான். மற்றொன்று எர்த். வயர் முனைக்குக் கீழே உள்ள வண்ணப்பூச்சையும், பல ஆண்டுச் செம்மண் புழுதியையும், அதன் அடியில் இருக்கும் துருவையும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டிவிட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அதன் பிறகும் நடுங்கினால், மீட்டரின் எண்ணெழுத்தையும் புல்லி அளவுகளையும் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.