வாசகர் கேள்வி – பதில்: பெயர் பதியாத தாய்மார்

கேள்வி: அம்மா, நான் பல்கலைக்கழக மாணவி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் போய்த் தாய்மாருக்குத் துணை நிற்கும் ஒரு திட்டத்தில் பலர் ஏன் சேருவதில்லை, சேர்ந்தவர்களும் ஏன் இடையில் நின்றுவிடுகிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். வினாக்கொத்தில் எல்லாரும் “நேரமில்லை” என்றே எழுதுகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவர் நீங்கள். இதை எப்படி விளங்கிக்கொள்வது?
— வாசகி, சுழிபுரம்

பதில்: பிள்ளை, “தாய்மாருக்கு அக்கறை போதாது” என்று மட்டும் உமது அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில், பிள்ளையின் வளர்ச்சி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்த தாய்மாரைக் கண்டவள் நான். கொடிகாமத்தில் மரத்தடியில் இருந்துகொண்டு அதே அட்டையை விரித்து, “மிஸ்ஸி, அடுத்த ஊசி எப்ப?” என்று கேட்டார்கள்.

முதலில் உமது பட்டியலைப் பாரும். எங்கள் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். பதிவு புருஷன் வீட்டுப் பிரிவில், ஆள் இருப்பது வேறு பிரிவில். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எத்தனையோ வருடம் விலாசம் ஓரிடம், வாழ்க்கை இன்னோரிடம். இவர்களில் பலர் மறுத்தவர்கள் அல்ல. இவர்களை ஒருவரும் கேட்கவேயில்லை. “மறுத்தவர்”, “சந்திக்க முடியாதவர்”, “பட்டியலிலேயே இல்லாதவர்” என்று மூன்றாகப் பிரித்து எண்ணும். மூன்றையும் ஒரே நிரலில் போட்டால் ஆய்வு பிழைத்துவிடும்.

அடுத்தது காலம். கர்ப்பவதியை எட்டுக் கிழமைக்குள் பதிய வேண்டும் என்பது எங்கள் சுகாதாரத் துறையின் இலக்கு. வீட்டிலோ, “மூண்டு மாதம் கழியட்டும், இப்பவே ஊருக்குச் சொன்னால் கண்ணூறு படும்” என்பார்கள். பிள்ளை பிறந்தால் முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப், அதாவது எங்களைப் போன்ற குடும்பநல உத்தியோகத்தர், இரண்டு முறை போக வேண்டும். அது துடக்கு நாள். எங்களை விடுவார்கள், ஏனென்றால் அந்த வீட்டில் எங்களுக்குப் பழைய உரிமை உண்டு. புதிதாக வரும் உமக்கு அந்த உரிமை இல்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரை பொறுத்துப் போம்.

இனிப் படலைக்கு வாரும். ஹெல்மெட் போட்ட ஒருத்தர், கையில் ஃபைல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். உள்ளே றேடியோ நிற்கிறது. சின்னப் பிள்ளை ஓடிவந்து, “அம்மா இல்லையாம்” என்கிறது. கிழமைக்குக் கிழமை நுண்கடன் தவணை கேட்டு வந்தவர்களும் அப்படித்தான் வந்து நின்றார்கள். வறட்சி மாவட்டப் பெண்களின் கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்த அளவுக்கு அது முற்றியிருந்தது. அந்தத் தாய் ஒளிப்பது உம்மைக் கண்டல்ல, ஃபைலைக் கண்டு. அதோடு, 2009க்குப் பிறகு எத்தனை படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள்! நிரப்பிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? எனக்கு இதில் கோபமே உண்டு. முதல் நாள் படிவத்தை எடுக்காதேயும். ஊரறிந்த ஒருவரோடு போம், மிட்வைஃபோ முன்பள்ளி ஆசிரியையோ யாராக இருந்தாலும் சரி.

இன்னொன்று வெட்கம். “நிறை குறைஞ்ச பிள்ளையள் உள்ள வீட்டுக்குத்தான் இவை போறவை” என்று அயலுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் படலை திறக்காது. குறிச்சியில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒருமுறையாவது போய்விட்டு, பிறகு தேவையானவர்களைத் தொடரும்.

அமெரிக்காவில் 2010இல் சட்டம் செய்து மத்திய அரசே இப்படியான திட்டங்களுக்குப் பணம் கொடுக்கிறது. விரும்பினால் மட்டும் சேரலாம். அங்கேயும் ஆள் சேர்ப்பதும் சேர்ந்தவரைத் தக்கவைப்பதும் பெரும்பாடு. வருகிறவர் அதிகாரிகளுக்கு அறிவித்துப் பிள்ளையைப் பிரித்துவிடுவாரோ என்ற பயம் அதற்கு ஒரு காரணம். எங்கள் பயங்கள் வேறு. அவர்களின் வினாக்கொத்தை மொழிபெயர்த்துக் கொடுத்தால் அதில் கடன்காரர் பயமும் இராது, கண்ணூறுப் பயமும் இராது. ஜமேக்காவின் கிங்ஸ்டனில் 1980களில் சுகாதார உதவியாளர்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போய், வீட்டில் கழித்த பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களோடு தாயையும் பிள்ளையையும் விளையாட வைத்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, இப்படி ஒருவரும் போகாத அதேபோன்ற பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளின் வருமானம் கால்வாசி கூடியிருந்தது. இதற்காகப் படலையில் காத்து நிற்கலாம், பிள்ளை.

“நேரமில்லை” என்பதும் சில வீடுகளில் முழு உண்மை. வெங்காயத் தறைக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறவள் விடியவே போய்விடுவாள். பின்னேரம் போம். மாமியாரிடமும் தனியாகக் கேளும். பல வீட்டில் “வேண்டாம்” என்ற சொல் அவரிடமிருந்துதான் வருகிறது.

கேள்வி: மருமகளைத் தனியார் வைத்தியரிடம்தான் காட்டுகிறோம். மிட்வைஃபிடமும் பதிய வேணுமா?
— ஒரு மாமி, காரைநகர்

பதில்: கட்டாயம் பதியுங்கள். தனியாரிடம் காட்டுவதற்கு அது தடையே இல்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு தாய்க்குக் காய்ச்சலா, பால் கட்டியிருக்கிறதா, பிள்ளை மஞ்சளாக இருக்கிறதா என்று உங்கள் வீட்டுக்கே வந்து பார்க்கப்போவது அவதான். மருமகள் தாய்வீடு போவதென்றால் பதிவு அட்டையைக் கொடுத்துவிடுங்கள், அந்த இடத்து மிட்வைஃபுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.