அம்மா ஏன் போனாள்? – கடிதம்

வணக்கம்,

நீங்கள் சொன்னதற்காக ஃபெய்த் எரின் ஹிக்ஸின் ‘ஃப்ரெண்ட்ஸ் வித் பாய்ஸ்’ கிராஃபிக் நாவலை வாங்கி ஒரே மூச்சில் படித்தேன். அதுவரை அம்மாவிடம் வீட்டிலேயே படித்த மேகி, முதல்முறையாக ஹைஸ்கூலுக்குப் போகும் பகுதி மனதுக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஆனால் அம்மா ஏன் வீட்டை விட்டுப் போனாள்? மேகியைப் பின்தொடரும் ஆவிக்கு என்னதான் வேண்டும்? கடைசிவரை பதிலே இல்லை. இது குறை இல்லையா?

ம.

அன்புள்ள ம.,

ஆவி விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். மியூசியத்தைச் சுற்றி நடக்கும் சாகசம் அவசர அவசரமாக ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் நின்று சொல்லியிருக்கலாம்.

அம்மா விஷயத்தில் அப்படி நினைக்கவில்லை. மேகிக்கு மூன்று அண்ணன்கள்: டேனியல், அப்புறம் இரட்டையர் லாயிட், ஜான்டர். மூவரும் அம்மாவிடம் படித்துவிட்டு ஹைஸ்கூலுக்குப் போனவர்கள். மேகிதான் கடைக்குட்டி. அண்ணன்கள் போனபின் அந்த வகுப்பில் மிஞ்சியது அம்மாவும் மகளும்தான். அப்புறம் அம்மாவும் போய்விடுகிறாள். நம்மில் பெரும்பாலோருக்கு அம்மா வேறு, டீச்சர் வேறு. மேகிக்கோ இரண்டு பேரும் ஒரே நாளில் இல்லாமல் போகிறார்கள். புதுப் பள்ளிக்கூடத்தின் கூட்டத்துக்கு நடுவில் அவள் அப்படி விழிபிதுங்கி நிற்பதற்குக் கூச்சம் மட்டுமே காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹிக்ஸும் ஹைஸ்கூல் வரை வீட்டில் படித்தவர்தான். அதனால்தான் ஒரு விஷயத்தை அவரால் இவ்வளவு துல்லியமாகப் பிடிக்க முடிந்திருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள்தான் வகுப்புத் தோழர்கள், விளையாட்டுத் தோழர்கள், எல்லாம். நாள் முழுக்கக் கூடவே இருப்பவர்களைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கப்போகிறது? பள்ளிக்கூடத்துக்குள் போனால்தான் தெரிகிறது, டேனியலுக்கு அங்கே நாடகக் குழு, நண்பர்கள் என்று தனியாக ஒரு உலகமே இருக்கிறது. அவன் மேகியைத் தள்ளி நிறுத்தவில்லை, பாசமான அண்ணன்தான். ஆனால் அந்த உலகம் அவளுக்குத் தெரியாமலே உருவாகியிருக்கிறது. நகரத்தின் போலீஸ் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்ற அப்பா, அதற்காக நீண்ட முடியை வெட்டிக்கொண்டு வேறு ஆளாகத் தெரிகிறார். பக்கங்களை மழித்து நடுவில் மட்டும் நிமிர்த்திவிட்ட மொஹாக் முடியோடு திரியும் மேகியின் நண்பன் அலிஸ்டர் ஒருகாலத்தில் வாலிபால் டீமில் இருந்தவன். அவனுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது, அதுவும் மேகிக்கு மெதுவாகத்தான் தெரியவருகிறது.

இப்படி ஒவ்வொருவரிடமும் தனக்குத் தெரியாத பக்கம் ஒன்று இருப்பதைப் பார்த்துக்கொண்டே வருகிறவளுக்கு, அம்மாவின் அந்தப் பக்கம் மட்டும் திறக்கவே இல்லை. அம்மா வந்து உட்கார்ந்து காரணத்தை விளக்கியிருந்தால் நமக்குத் திருப்தியாக இருந்திருக்கும், சரி. ஆனால் விட்டுப்போனவர்களிடமிருந்து பதினாலு, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அப்படி விளக்கம் கிடைப்பது அபூர்வம். அதை உள்ளபடியே விட்டதற்காகத்தான் இந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

ஆவி பற்றிய உங்கள் குறை அப்படியே இருக்கட்டும். நேரம் கிடைத்தால் லாயிட்டும் ஜான்டரும் சண்டை போடும் பக்கங்களை மட்டும் இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். லாயிட்டுக்கு இரட்டையரில் ஒருவன் என்கிற அடையாளம் போதவில்லை, தனி ஆளாக இருக்க வேண்டும். ஜான்டருக்கு அது ஏனென்றே புரியவில்லை. அம்மா போனதில் மேகிக்குப் புரியாதது என்னவோ, அதைத்தான் அவனும் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறான்.