‘ஆஃப்’ ஒட்டினால் அர்த்தம் ஏன் மாறுகிறது?

சயாமாவுக்கு (பர்மியத்தில் ஆசிரியைக்கு அப்படித்தான் சொல்வோம்) வணக்கம்.

யாங்கோன் பயின்நவுங் சந்தையில் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 23. வீட்டில் தமிழ், வெளியே பர்மியம், ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கடைக்கு வருகிற ஆங்கில மெயிலைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. போன மாதம் சிங்கப்பூரில் இருந்து சரக்கு வாங்குகிறவர் இரண்டே வரி எழுதியிருந்தார்: “ப்ளீஸ் ஹோல்ட் ஆஃப் ஆன் தி செகண்ட் லாட். வி வில் கெட் பேக் டு யூ ஒன்ஸ் டிமாண்ட் பிக்ஸ் அப்.” ‘இரண்டாவது லாட்டைப் பிடித்து வையுங்கள், எடுத்துக்கொள்ளத் திரும்ப வருகிறோம்’ என்று நான் சொன்னேன். முதலாளி அதை நம்பி, நடுவில் வந்து கேட்ட இன்னொருவரிடம் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஒன்பது நாள் மூட்டைகள் அப்படியே கிடந்தன, விலையும் இறங்கிவிட்டது. அவர் திட்டியதுகூடப் பரவாயில்லை. மறுநாள் வந்த மெயிலை என் கண்ணெதிரே வேறொரு பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

அப்புறம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ மாதிரி ஒரு குட்டிச் சொல் ஒட்டி வரும் ஃப்ரேசல் வெர்ப்கள் 300ஐ அகர வரிசையில் அடுக்கி நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 41 வரை வந்தேன். நாற்பதைப் படிக்கும்போது முப்பது மறந்துபோகிறது. ‘கிவ்’ என்றால் கொடு, ‘அப்’ என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் எப்படிக் ‘கைவிடு’ ஆகும்? இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா? அந்த மெயிலுக்கு நான் என்ன பதில் போட்டிருக்க வேண்டும்?

– ஒரு வாசகி, யாங்கோன்

*

அன்புள்ள மகளுக்கு,

வயதைச் சொல்லிவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் உன் தவற்றைப் பார்ப்போம். அது முட்டாள்தனமான தவறு இல்லை. அவர் ‘ஹோல்ட் தி செகண்ட் லாட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நீ சொன்னதுதான் சரி: எங்களுக்காக எடுத்து வையுங்கள். நடுவில் ஒரு ‘ஆஃப்’ வந்தது, ‘இப்போதைக்கு வேண்டாம், பொறுங்கள்’ என்று ஆகிவிட்டது. ‘பிக் அப்’பும் அப்படித்தான். ஆள் பிக் அப் செய்தால் சரக்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்று பொருள். டிமாண்ட் பிக் அப் ஆனால் கிராக்கி கூடுகிறது, அவ்வளவுதான், யாரும் லாரி கொண்டுவரப் போவதில்லை. ‘கெட் பேக் டு யூ’ என்பதும் திரும்ப வருவது இல்லை, பிறகு பதில் சொல்வது. இரண்டு வரியில் மூன்று கண்ணிகள். உன் முதலாளி படித்திருந்தாலும் மாட்டிக்கொண்டிருப்பார் என்பது என் எண்ணம். இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

சரி, ‘கிவ் அப்’ எப்படிக் கைவிடு ஆகும் என்று கேட்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன். உன் பக்கத்து மேசையில் தமிழ் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒரு பர்மியப் பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள். ‘விட்டுக்கொடு’ என்றால் என்ன என்று அவள் கேட்கிறாள். விடு தெரியும், கொடு தெரியும். இரண்டையும் கூட்டினால் ‘என் பிடிவாதத்தைத் தளர்த்தி உன் பக்கம் வருகிறேன்’ என்று எங்கிருந்து வரும்? ‘கண்டுபிடி’யில் யார் யாரைப் பிடிக்கிறார்கள்? ‘போட்டுக்கொடு’ என்றால் பரிமாறுவது என்று நினைத்து, ‘மானேஜருக்குப் போட்டுக்கொடுத்தேன்’ என்று அவள் சந்தோஷமாகச் சொல்லிவைத்தால் என்ன ஆகும்? நாம் பிறந்ததிலிருந்து கேட்டே பழகியதால் இந்த முடிச்சுகள் நம் கண்ணில் படுவதில்லை.

ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் அப், ஆஃப், அவுட் என்று ஒரு குட்டிச் சொல் வந்து பொருளைத் திருப்புகிறது. தமிழில் அந்த வேலையை இரண்டாவது வினை செய்கிறது. தள்ளிப்போடு என்பதைப் பார். ஆங்கிலத்தில் அது ‘புட் ஆஃப்’. புட் என்றால் போடு, ஆஃப் என்றால் தள்ளி. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, வரிசைதான் தலைகீழ். இப்படி எல்லாமே பொருந்தும் என்று நம்பிவிடாதே, இது அதிர்ஷ்டவசமாக அமைந்தது. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ படிக்கும்போது ‘பின்னால் பார்’ என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நம்முடைய ‘பார்த்துக்கொள்’ளை நினைத்துக்கொள்வது நல்லது. அதிலும் பார்வை இருக்கிறது, ஆனால் பொருள் பார்வையில் இல்லை, ‘கொள்’ளில் ஒளிந்திருக்கிறது.

உனக்கு இன்னொரு மொழியும் கையில் இருக்கிறது. பர்மியத்தில் ‘யூ லா’ என்றால் எடுத்து வா, ‘யூ த்வா’ என்றால் எடுத்துப் போ. ‘சா ச்சி’ என்றால் சாப்பிட்டுப் பார். சாப்பிடுவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை, ஆனாலும் தமிழனும் பர்மியனும் ‘பார்’ என்றுதான் சொல்கிறோம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே புத்தி! நீ ஏற்கெனவே இரண்டு மொழியில் இந்த வித்தையைச் செய்துகொண்டிருக்கிறாய். மூன்றாவதில் மட்டும் ஏன் பயம்?

இன்னொரு ஆறுதலும் சொல்லிவிடுகிறேன். 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே உன் புகார் இருக்கிறது. வினையோடு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுவது வேறெந்த மொழியையும்விட ஆங்கிலத்தில்தான் அதிகமாக இருக்கும்போல, வெளிநாட்டவருக்கு ஆகப் பெரிய கஷ்டம் இதுதான் என்று எழுதிவிட்டு, ஒரு பட்டியலும் தருகிறார். அதில் ‘செட் இன்’ என்பதற்கு, தொடர்ந்து நீடிக்கப்போகிற ஒன்று தொடங்குவது என்கிற மாதிரிப் பொருள் சொல்கிறார். மே கடைசியில் யாங்கோனில் மழை பிடித்துக்கொள்கிறதே, அக்டோபர் வரை விடாமல், அதற்கு இன்றைக்கும் அதே சொல்தான். ஆனால் ‘செட் ஆஃப்’ என்பதற்கு அவர் சொல்லும் பொருள் அழகுபடுத்துவது. இன்று பெரும்பாலும் பயணம் கிளம்புவதைத்தான் சொல்கிறார்கள். ஆக, அந்த மொழிக்குள்ளேயே இவை நகர்ந்துகொண்டிருக்கின்றன. மொத்தத்தையும் கட்டிப்போடும் விதி கேட்டால் யாரிடமும் கிடையாது.

விதி இல்லை, வாசனை உண்டு. அதைப் பிடிக்க அந்த நகல் தாள் உதவாது, உன் வீடு உதவும். சாயங்காலம் மின்சாரம் போகிறது. தெருவெல்லாம் ‘மீ பியெத்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’. ஜெனரேட்டர் வைத்திருக்கிற வீட்டில் அது ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் டீசல் தீர்ந்துபோகிறது: ‘ரன் அவுட்’. ஜெனரேட்டரே மக்கர் பண்ணி நின்றுபோனால் ‘பிரேக் டவுன்’. மெழுகுவர்த்தி காற்றில் அணைந்துபோனால் ‘கோ அவுட்’. ஃப்ரிட்ஜில் வைத்த மீன் குழம்பு காலையில் கெட்டுப்போயிருக்கிறது: ‘இட் ஹேஸ் கான் ஆஃப்’. ராத்திரி ஒரு மணிக்கு எங்கோ ஒரு குழந்தை ‘மீ லா பீ!’ என்று கத்துகிறது. ‘லைட் வந்துடுச்சு.’ அதுதான் ‘கம் பேக் ஆன்’. எல்லாரும் தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுகிறோம்.

தமிழில் நான் எழுதியதைத் திரும்பப் பார். தீர்ந்துபோ, நின்றுபோ, அணைந்துபோ, கெட்டுப்போ. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ‘போ’. ஆங்கிலக்காரன் அவுட், டவுன், ஆஃப் என்று தனித்தனியாக வைத்திருக்கிறான். அவனுக்கு நம் ‘போ’ எவ்வளவு மர்மமாக இருக்கும்!

இதில் ஒரு குறும்பு இருக்கிறது. விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் நின்றுவிட்டது. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடிக்க ஆரம்பித்துவிட்டது! என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் வழி இது: ஆஃப் என்றால் இருந்த இடத்தை விட்டு விலகுவது. எரிந்துகொண்டிருந்த விளக்கு எரிவதை விட்டு விலகுகிறது. சும்மா இருந்த அலாரம் சும்மா இருப்பதை விட்டு விலகுகிறது. வெடியும் அப்படியே. விமானம் ‘டேக் ஆஃப்’ ஆகும்போது தரையை விட்டு. உன் சிங்கப்பூர்க்காரர் ‘ஹோல்ட் ஆஃப்’ என்றபோது உன் இரண்டாவது லாட்டைக் கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினார். மொழியியல் படித்தவர்கள் இதைக் கேட்டு மூக்கைச் சுளிக்கலாம். ஞாபகத்தில் நிற்கிறது, எனக்கு அது போதும்.

‘அப்’புக்கும் ஒன்று சொல்கிறேன். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் பல இடங்களில் அது மிச்சம் வைக்காமல் முடிப்பதைக் காட்டும். ‘ஈட் அப்’ என்றால் தட்டைக் காலி செய். ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு. நாம் ‘சாப்பிட்டுவிடு’ என்பதில் ‘விடு’ செய்கிற வேலை.

சொற்களின் வரிசையில் மட்டும் உறுதியாக ஒரு விதி உண்டு, அதை விட்டுவிடாதே. ‘டர்ன் ஆஃப் தி மோட்டார்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் தி மோட்டார் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் மோட்டாருக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்றால் காதில் கல் விழும். லுக் ஆஃப்டர் போன்றவை இப்படிப் பிரியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான். நம்மிடமும் கொஞ்சம் இடைவெளி உண்டு. ‘என் மாமியார் விட்டே கொடுக்க மாட்டார்’ என்கிறோமே, அந்த ஏகாரம் எவ்வளவு ஒய்யாரமாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது!

என் கதையையும் கேட்டுக்கொள். பயிற்சி ஒன்றுக்காக மோல்மேனுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு தோழி அவள் வீட்டிலேயே தங்கச் சொல்லி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ‘புட் அப்’ என்றால் தங்குவது என்று எனக்குத் தெரியும், ‘வித் யூ’ என்றால் உன்னோடு. பெருமையாக எழுதினேன்: ‘ஐ வில் புட் அப் வித் யூ ஃபார் டூ டேஸ்.’ இரண்டு நாள் உன்னைச் சகித்துக்கொள்கிறேன் என்று! அவள் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘இன்றைக்கு எத்தனை மணி நேரம் சகித்துக்கொள்வாய்’ என்று கேட்பாள்.

அதனால் உனக்கு நான் சொல்வது: படிப்பதற்கும் எழுதுவதற்கும் வேறு வேறு கணக்கு வைத்துக்கொள். அடுத்தவர் எழுதுவது புரிய வேண்டும், அதற்கு இவை தெரிந்தே ஆக வேண்டும். நீ எழுதும்போது ‘போஸ்ட்போன்’ என்று எழுது, ‘கேன்சல்’ என்று எழுது, யாரும் குறை சொல்லப் போவதில்லை. கோயில் அறிவிப்பில் ‘ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று போடுகிறோம், வாசலில் நின்று பேசும்போது ‘தள்ளிப் போட்டாச்சு’ என்கிறோம். அவர்களுக்கும் அதே வித்தியாசம்தான்.

அந்த 300ஐ மடித்து வை. கடைக்கு வந்த பழைய மெயில்களை எடுத்து, அவற்றில் இருப்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுது, முழு வாக்கியமாக, எந்தச் சரக்கைப் பற்றி வந்தது என்ற குறிப்போடு. பருப்பு வியாபாரத்தில் ஆளும் சரக்கும் விலையும்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் அந்த நோட்டு பெரிதாக வளராது என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக, அந்த மெயிலுக்கு என்ன பதில் என்று கேட்டாய். சந்தேகம் வந்தால் முதலாளியிடம் போவதற்கு முன் அவர்களிடமே கேட்டுவிடு: “டு யூ வான்ட் அஸ் டு கீப் தி செகண்ட் லாட் ஃபார் யூ, ஆர் மே வி செல் இட் டு அனதர் பையர்?” உங்களுக்காக வைத்திருக்கவா, வேறு ஆளுக்கு விற்றுவிடலாமா? இதில் ஒரு ஃப்ரேசல் வெர்ப்கூட இல்லை, பார்த்தாயா.

அன்புடன்,
சயாமா