ஆவணமில்லாத பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்ய முடியும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறோம். அங்கே வரும் 8 வயதுச் சிறுமி ஒருத்தி எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. தாயார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்; எஸ் பாஸ் எனப்படும் வெளிநாட்டு ஊழியர் வேலை அனுமதியில் வேலை பார்க்கிறார். தந்தை சிங்கப்பூர்க் குடிமகன். இருவரும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை இப்போது தொடர்பிலும் இல்லை. பிள்ளையிடம் இருப்பது இங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. “இங்கேதானே பிறந்தாள், சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்கும் தாயார், பள்ளிக்குப் போனால் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்றும் அஞ்சுகிறார். பள்ளி இவருக்கு எந்த வகையில் உதவலாம்?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தாயாரின் முதல் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுவதே அவருக்கு நாம் செய்யும் முதல் உதவி. சிங்கப்பூரில் பிறந்ததனால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். ஆனால் பெற்றோர் சட்டப்படி மணமாகாதவர்கள் என்றால் தாயின் குடியுரிமையே கணக்கில் கொள்ளப்படுகிறது. அந்தப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த நேரத்தில் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகள் அல்லள் என்ற குறிப்பு அதில் இருக்கும்.

இந்தியச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது கட்டாயம். அந்த ஓராண்டு கடந்துவிட்டால் கதவு மூடிவிடுவதில்லை. மத்திய அரசின் அனுமதியுடன் பதிவு செய்ய இடமுண்டு. எனவே தாயார் ஏற வேண்டிய முதல் படி பள்ளியுடையது அன்று, கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்துடையது. அங்கே பிறப்பைப் பதிவு செய்து, பிள்ளைக்குக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) பெற வேண்டும். கடப்பிதழ் இல்லாமல் எந்த அனுமதி அட்டைக்கும் விண்ணப்பிக்க வழியில்லை. அனுமதி அட்டை இல்லாமல் பள்ளியில் இடமில்லை. இந்த வரிசையைத் தாயாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பயந்திருக்கும் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்வது மனத்தில் நிற்பதில்லை.

பிள்ளை இவ்வளவு காலம் அனுமதி அட்டை இல்லாமல் இங்கே இருந்திருக்கிறாள் என்றால், குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தை அணுகுமுன் தாயார் ஒரு வழக்கறிஞரிடமோ, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் போன்ற அமைப்பிடமோ ஆலோசனை பெறுவது நல்லது. அணுகாமலே காலத்தைக் கடத்துவதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது. ஆசிரியரோ தொண்டூழியரோ “யாரிடமும் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்” என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, ஏனெனில் அதைக் காப்பாற்றுவது அவர்கள் கையில் இல்லை.

இனி பள்ளிக்கு வருவோம். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் உள்ளது. அது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும். குடிமகனான ஒரு பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் சேரவில்லை என்றால் ஏன் சேரவில்லை என்று விசாரிக்க ஆள் வரும். இந்தச் சிறுமியைப் பற்றி விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே என்றாவது ஒருநாள் தாயார் துணிந்து ஒரு பள்ளியின் அலுவலக முகப்பில் வந்து நிற்கும்போது, அங்கிருப்பவர் என்ன சொல்கிறார் என்பது மிகவும் முக்கியமாகிறது. முதல்வர் தாமாக முடிவெடுத்துச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பது உண்மை. ஆனால் “பாஸ் இல்லையா? முடியாது” என்று சொல்லி அனுப்புவதற்கும், உட்காரவைத்து, தேவையான ஆவணங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து, கல்வி அமைச்சில் எந்தப் பிரிவைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகைப் பதிலைக் கேட்ட தாய் மறுபடி வருவது அரிது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தொடக்கநிலை, உயர்நிலை வகுப்புகள் சிலவற்றில் சேர ஏஇஐஎஸ் எனப்படும் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் அதில் உண்டு. தொடக்கநிலை ஆறில் அந்த வழியாகச் சேர முடியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் சில ஆண்டுகள்தாம் மிச்சம் என்பதைத் தாயார் உணர வேண்டும். உங்கள் சனிக்கிழமை வகுப்பில் கதைப் புத்தகத்தோடு கணிதத்தையும் சேர்த்துக்கொண்டால் அது அந்தப் பிள்ளைக்கு நேரடியாகப் பயன்படும்.

இன்னொரு வழியையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எஸ் பாஸ் வைத்திருப்பவர் பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் அனுமதி அட்டை எடுக்க மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். அது எட்டாத நிலையில், ஆவணம் கிடைத்தபின் பிள்ளை ஊரில் பாட்டி வீட்டிலிருந்து படிப்பதும் ஒரு வழியே. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்பதற்காக 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. தாயைப் பிரிவது சிறிய இழப்பன்று. ஆனாலும் படிப்பே இல்லாமல் வளர்வதையும் அதனுடன் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சேர்ந்த பிறகு பள்ளி செய்யக்கூடியது ஏராளம். குடும்பத்தின் நிலை வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர் போன்ற ஓரிருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குடிமக்களான மாணவர்களுக்கு அரசு தரும் எடுசேவ் விருதுக்கோ கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்துக்கோ படிவம் கொடுக்கும்போது, “குடிமக்கள் அல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள்” என்று வகுப்பில் கேட்பது கேட்பவருக்குச் சாதாரணமாக இருக்கலாம். கையைத் தூக்கும் பிள்ளைக்கு அது சாதாரணம் அன்று. உரியவர்களின் படிவங்களை உறையிலிட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கல்விச் சுற்றுலா ஜோகூருக்கு என்று அறிவிக்குமுன், எல்லாப் பிள்ளைகளாலும் எல்லையைத் தாண்டித் திரும்ப முடியுமா என்று ஆசிரியர் அமைதியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அமைச்சின் உதவித் திட்டம் குடிமக்களுக்கு மட்டுமானது என்பதால், பள்ளி ஆலோசனைக் குழு திரட்டும் நிதியிலிருந்து சீருடைக்கும் உணவுக்கும் வழி உண்டா என்று முதல்வரிடம் கேட்பதில் தவறில்லை.

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை, அங்கே பள்ளியில் குடிநுழைவு ஆவணத்தைக் கேட்கவே மாட்டார்கள் என்கிறாள். உண்மையா? நாமும் அப்படிச் செய்யலாமே?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: உண்மைதான், அதுவும் டெக்சஸில் தொடங்கிய வழக்கினால் வந்தது. ஆவணமில்லாத பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தருவதில்லை என்று 1975இல் அம்மாநிலம் சட்டம் இயற்ற, டைலர் நகரப் பள்ளி வட்டாரம் அத்தகைய பிள்ளை ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1982 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளைகளைத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதனால் அங்கே பள்ளிகள் வட்டாரத்தில் வசிப்பதற்கும் வயதுக்கும் தடுப்பூசிக்கும் சான்று கேட்கலாம். குடிநுழைவு நிலையைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு பள்ளிப் படிப்போடு முடிகிறது, கல்லூரிக்கு நீள்வதில்லை.

சிங்கப்பூரின் நிலைப்பாடு வேறு. 1995இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இணைந்தபோதே, இலவசத் தொடக்கக் கல்வியைக் குடிமக்களுக்கு மட்டும் அளிக்கும் உரிமையைச் சிங்கப்பூர் தக்கவைத்துக்கொண்டது. எனவே அந்தத் தீர்ப்பை இங்கே காட்டி வாதிட முடியாது. ஆனால் அங்குள்ள பள்ளிகளின் சில வழக்கங்களை எடுத்துக்கொள்ளச் சட்டம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பள்ளிகளில் குடிநுழைவுக் கைது நடவடிக்கையைத் தவிர்க்கும் பழைய கொள்கையை 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசு விலக்கிக்கொண்டது. அம்மாவோ அப்பாவோ மாலையில் வர முடியாமல் போனால் பிள்ளையை யார் அழைத்துச் செல்வார், மருந்து இருந்தால் யாரிடம் கேட்பது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவைக்கும் பழக்கம் அங்கே முக்கியமாகியிருக்கிறது. அனுமதி அட்டை எப்போது முடியும் என்ற கவலையோடு வாழும் குடும்பங்கள் நம்மிடையேயும் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு தாள் பள்ளியில் இருப்பது நல்லது.

கேள்வி: என் மகனின் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் இருக்கிறான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நிலைமையை எழுதிப் பணம் திரட்டலாமா?
வாசகி, சிராங்கூன்

பதில்: வேண்டாம். குழுவில் எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று உங்களால் சொல்ல முடியாது. அந்தத் தாயும் இதற்குச் சம்மதித்திருக்கமாட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், தேவையுள்ள மாணவர் யாருக்கேனும் பயன்படுத்துங்கள் என்று பள்ளியிடமே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மகனிடமும் அந்தப் பிள்ளையின் குடும்ப நிலையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.