ஆயில் மாற்றிய மறுநாள் சொட்டுகிறது: சம்பையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: முதல்முறையாக நானே வீட்டில் என் காருக்கு எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினேன். வாங்கி வந்த 4 லிட்டர் கேனை முழுவதும் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஏழெட்டுச் சொட்டு. ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. மெக்கானிக் ஒருவரிடம் காட்டியதற்கு, போல்ட் மரை போய்விட்டது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பையே மாற்ற வேண்டும், கூடவே திரவம் ஊற்றி உட்புறத்தைக் கழுவும் எஞ்சின் ஃப்ளஷும் செய்துவிடலாம் என்கிறார். எஞ்சினைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: கெடுக்கவில்லை. ஆனால் தயவுசெய்து அந்த போல்ட்டை இனி இறுக்காதீர்கள். ஸ்பேனரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஒரு சுத்தமான துணியை எடுங்கள், இப்போதைக்கு உங்களுக்குத் தேவை அதுதான்.

ஒழுகுவது எங்கிருந்து என்று நீங்களும் பார்க்கவில்லை, அந்த மெக்கானிக்கும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆயில் எங்கே கசிந்தாலும் வழிந்து வழிந்து எஞ்சினின் தாழ்வான இடத்துக்கு வந்துதான் சொட்டும், பெரும்பாலான வண்டிகளில் அந்தத் தாழ்வான இடத்தில் இருப்பது ட்ரெயின் போல்ட். அதனால் எந்தக் கசிவும் முதல் பார்வைக்கு போல்ட் கசிவாகத்தான் தெரியும். துடைத்துப் பார்க்காமல் மரை போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஃபில்டரைக் கழற்றும்போது உள்ளே இருந்த ஆயில் ஒரு கை அளவாவது வழிந்து குறுக்குச் சட்டத்திலும் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவரிலும் போய்த் தேங்கும். அது இரண்டு மூன்று நாள் வரை சொட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை செய்பவர்களைப் பயமுறுத்தும் சொட்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பழைய ஆயில்தான், புது ஆயில் அல்ல.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டிக்கு அடியில் போகும் முன் ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையக் கூடாது. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்புத்தகம் காட்டும் இடத்தில் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம், இதில் விதிவிலக்கு கிடையாது. எஞ்சின் ஆறியிருக்கட்டும். போல்ட், ஃபில்டர், அவற்றைச் சுற்றியுள்ள இடம், கவரின் உட்புறம் எல்லாவற்றையும் ஈரமே இல்லாமல் துடையுங்கள். போல்ட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ காகிதத்தையும், ஃபில்டருக்கு நேர்கீழே இன்னொன்றையும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வேறொருவர் இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிடட்டும், நீங்கள் வெளியே இருந்தபடியே டார்ச் அடித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். சம்பில் ஆயில் சும்மா தேங்கித்தான் நிற்கிறது, அங்கே பம்ப்பின் அழுத்தம் இல்லை. ஃபில்டருக்குள் அப்படியல்ல, எஞ்சின் ஓடும்போது பம்ப் அதைப் பல மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் போல்ட் கசிந்தால் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே நிதானத்தில் சொட்டும். ஃபில்டர் கசிந்தால் எஞ்சின் ஓடும்போது வழியும், சில நேரம் பீய்ச்சி அடிக்கும், அணைத்ததும் அடங்கும். முதல் வகைக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையானால் அந்த நொடியே அணையுங்கள், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறி எஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிடலாம்.

கழற்றிய பழைய ஃபில்டரை இன்னும் எறியவில்லையே? எடுத்து அதன் வாயைப் பாருங்கள், கறுப்பு ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் மேலேயே புது ஃபில்டரின் வளையத்தையும் வைத்து இறுக்கியிருக்கிறீர்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று நிற்காது, அழுத்தம் ஏறும்போது பிதுங்கி வெளியே வரும். உடனே கழற்றிப் பழையதைச் சுரண்டாமல் கையால் உரித்தெடுத்து, புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஃபில்டர் டப்பாவிலேயே எவ்வளவு சுற்று என்று எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. காகிதக் கூடு மட்டும் உள்ளே போகும் வகை ஃபில்டர் என்றால் மூடியில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டீர்களா, சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதம் போல்ட் பக்கம்தான் நனைந்திருக்கிறது என்றால் அடுத்த கேள்வி வாஷர். புது வாஷர் போட்டீர்களா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆயிலை அடைத்து நிறுத்துவது உங்கள் கைபலம் அல்ல, அந்தச் சின்ன அலுமினிய அல்லது செம்பு வளையம்தான். ஒருமுறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. பழையதையே திரும்பப் போட்டு, சொட்டுகிறது என்று இறுக்கி, இன்னும் சொட்டுகிறது என்று மேலும் இறுக்கித்தான் நல்ல சம்புகள் பாழாகின்றன. சம்ப் பல வண்டிகளில் அலுமினியம், போல்ட் இரும்பு. மோதினால் தோற்பது அலுமினியம். பெரும்பாலான கார்களுக்குக் கைப்புத்தகம் சொல்லும் இறுக்கம் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ இழுவை, அவ்வளவுதான். காலை ஊன்றி இழுக்கும் வேலையே இல்லை.

மரை போனதா என்பதற்குச் சோதனை எளிது. நீங்கள் கூடுதலாக இறுக்கியபோது போல்ட் கெட்டியாக நின்றதா, நழுவியபடி சுற்றிக்கொண்டே இருந்ததா? கெட்டியாக நின்றிருந்தால் மரை அநேகமாக நன்றாகவே இருக்கிறது. ஆயிலை ஒரு சுத்தமான பாத்திரத்தில் இறக்கி, புது வாஷர் போட்டு, அதே ஆயிலை மூடிவைத்து வடிகட்டி ஊற்றிக்கொள்ளலாம், வீணாக்க வேண்டியதில்லை. சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டதுதான், அப்போதும் சம்பை மாற்றுவது கடைசி வழி. துளையைப் பெரிதாக்கி இரும்பு மரை உள்கூடு வைத்து அதே அளவு போல்ட்டைப் போடலாம், லேத் வேலை தெரிந்த எவரும் செய்வார். இதை உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நேரே சம்பிலிருந்து ஆரம்பிக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அதே மூச்சில் ஃப்ளஷ் வேறு. இதில் எனக்குக் கோபமே வருகிறது. கசிவுக்கும் ஃப்ளஷுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டிப்ஸ்டிக்கை உருவி, பாருங்கள் அதற்குள் கறுத்துவிட்டது என்று காட்டுவார்கள். ஆயில் கறுப்பது அது வேலை செய்வதற்கு அடையாளம், அதில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கும் பொருள் கரியைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் புது ஆயில் ஒரே ஓட்டத்தில் கறுத்துவிடும். நிறத்தை வைத்து ஆயிலை எடைபோட முடியாது. ஃப்ளஷ் திரவம் உள்ளே படிந்திருக்கும் கசடைப் பெயர்த்தால் அது போய் ஆயில் பம்ப்பின் உறிஞ்சுவலையில் அடைக்கலாம், முழுவதும் வடியாமல் மிஞ்சுவது நீங்கள் ஊற்றும் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். ஒழுங்காக ஆயில் மாற்றிவரும் வண்டிக்கு அது தேவையே இல்லை. கசிவை அடைக்கும் மருந்து என்று பாட்டிலில் விற்பதும் அப்படித்தான், அது ரப்பரை உப்ப வைக்கும் சரக்கு, உலோக வாஷரை என்ன செய்துவிடும்?

இனி மேல்கோட்டைத் தாண்டிய விஷயம். இதைத்தான் நீங்கள் சொட்டைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கேன் 4 லிட்டர் என்பதற்காக எஞ்சினும் 4 லிட்டர் கேட்காது. கைப்புத்தகத்தில் ஃபில்டரோடு சேர்த்து எவ்வளவு என்று போட்டிருக்கும், அதிலும் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஓடவிட்டு, பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி வைத்தே வடித்திருந்தால் போல்ட் இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கும், அதுவும் சேர்ந்துதான் இப்போது மேலே நிற்கிறது.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். சமதரை, எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம், உருவித் துடைத்து, திரும்ப முழுக்க நுழைத்து, எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். குழாயின் உட்சுவரில் உரசி ஒரு பக்கம் உயரமாகத் தெரியும், தாழ்வான பக்கம்தான் உண்மை. கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர். அந்த இடைவெளியில் பாதி அளவு மேலே ஏறியிருந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் அதிகம் என்று வையுங்கள். மேல்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சம்புக்கு மேலே சுழலும் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும், பம்ப் நுரையை உறிஞ்சினால் அழுத்தம் விழும். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டுச் சிரிஞ்சால் இழுத்தெடுங்கள், போல்ட்டைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் பெட்ரோலா டீசலா என்று எழுதவில்லை. புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள டீசல் என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். எரிந்து முடியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி சம்பில் ஆயிலோடு கலக்கும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் சூட்டில் அதில் கொஞ்சம் ஆவியாகிவிடும். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எரிப்பு பாதியில் நின்று, திரும்பத் திரும்பத் தொடங்கி, ஆயில் அளவு தானாகவே ஏறும். யாரும் ஊற்றாமல் ஏறும் ஆயில் என்றால் அது நீர்த்துப்போன ஆயில், அளவு மிகவும் ஏறினால் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சிச் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும் அபாயம்கூட உண்டு. சில டீசல் டிப்ஸ்டிக்குகளில் மேல்கோட்டுக்கு மேலே தனியாக ஒரு குறி இருப்பது இதற்காகத்தான். அதனால் இப்போது அளவைச் சரிசெய்தபின் குறித்துவைத்து, சில வாரம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் எடுத்துக் குறைத்தால் போதாது, ஆயிலையே மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும், கைப்புத்தகம் ஏசிஇஏ என்ற ஐரோப்பிய ஆயில் தர வரிசையில் சி3, சி2 போல ஒன்றைக் கேட்டிருக்கும். ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும் 5டபிள்யூ-30 என்ற எண் ஒன்றுபோல் எழுதியிருப்பதைப் பார்த்து எதையாவது ஊற்றினால் வடிகட்டி அடைபடும்.

இதெல்லாம் வண்டி வாங்கும்போதே சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம். அச்சுப் புத்தகம் தருவதையே குறைத்துவிட்டார்கள், சில மாடல்களில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டு திரையில் பாருங்கள் என்கிறார்கள், கீழே பத்துப் பன்னிரண்டு கிளிப் போட்டு மூடியிருக்கிறார்கள், அப்புறம் வீட்டில் தொடாதீர்கள் என்று அறிவுரை. சொந்த வண்டியின் ஆயில் அளவைப் பார்ப்பதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதையும் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள், வாரண்டி பேச்சு வந்தால் உதவும்.

வடித்த ஆயிலைக் காலி கேனிலேயே ஊற்றி மூடி, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையும் மண்ணும் அதற்கு இடமல்ல, பெட்ரோலோ கூலன்ட்டோ கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல்.

துடைத்து, வாஷர் மாற்றி, அளவு குறைத்தபின் ஒரு வாரம் தினமும் காலையில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எப்போதாவது ஓட்டத்தில் எரிந்தால் அங்கேயே நிறுத்தி அணைத்துவிடுங்கள், அடுத்த தெரு வரை என்றுகூட ஓட்ட வேண்டாம். கோடு அசையாமல், காகிதம் உலர்ந்தே இருந்தால் அந்த மெக்கானிக்கிடம் திரும்பப் போக வேண்டிய வேலை இல்லை.