வீட்டுத் தோட்டத்தில் நடைபாதை போடக் கூழாங்கல் நல்லதா, ஜல்லி நல்லதா?

நடக்கிற இடத்துக்கு ஜல்லிதான். கூழாங்கல் வழவழப்பாக உருண்டையாக இருப்பதால் காலடியில் நழுவும். உடைத்த ஜல்லியின் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகி நிற்கும். 10 முதல் 20 மில்லிமீட்டர் கல், 5 சென்டிமீட்டர் கனம் போதும். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ பிடிக்கும்.

ஆனால் கல்லைவிட அடித்தளம்தான் முக்கியம். மண்ணை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்தி, தண்ணீர் இறங்கக்கூடிய ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், மழைநீர் தேங்கிவிடும். ஓரத்தில் செங்கல் வரிசை வையுங்கள், இல்லையென்றால் கல் புல்லுக்குள் சிதறும். துணி போட்டாலும் களை கொஞ்சம் வரும்: கல்லிடுக்கில் சருகு மக்கினால் அதில் காற்றில் வந்த விதை முளைக்கும். அதனால் சருகை அவ்வப்போது வாரிவிடுங்கள்.

கூழாங்கல் ஆசையா? சரி, கால் படாத ஓரங்களில் போடுங்கள், அங்கே மிக அழகாக இருக்கும்.