லாக்கர் மாட்டிய பிறகு ஆக்சில் ஏன் முறிகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைப் பதினைந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். மலைத்தடங்களில் எத்தனையோ முறை சிக்கியிருக்கிறது. ஒருபோதும் எதுவும் உடைந்ததில்லை. சென்ற ஆண்டு பின்பக்கம், இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழலவைக்கும் லாக்கர் பொருத்தினேன். மூன்றே மாதத்தில் வலப்பக்க ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறிந்துவிட்டது. வாங்கிய லாக்கர் போலியா, பொருத்தியவர் செய்த பிழையா? – வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இரண்டு பேர் மீதும் பழி போடுவதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளாக உங்கள் ஷாஃப்டைக் காப்பாற்றி வந்ததே, சேற்றில் சிக்கும்போதெல்லாம் நீங்கள் சலித்துக்கொண்ட அந்தச் சாதாரண டிஃபரன்ஷியல்தான் – வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பற்சக்கரத் தொகுதி. அது இரு பக்க ஷாஃப்டுகளுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பிரித்துக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றக் கொஞ்சம் விசை போதும். தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே கொஞ்சம்தான் போய்ச் சேரும். தொங்குவது வீணாகச் சுற்றும், நிற்பது சும்மா இருக்கும், வண்டி நகராது. நகராத வண்டியில் முறிவதற்கும் ஒன்றுமில்லை. வீட்டில் ஃபியூஸ் போவதைப் போன்ற ஒரு பாதுகாப்பு அது. எரிச்சலூட்டும், ஆனால் பெரிய செலவைத் தடுத்துவிடும்.

லாக்கர் பூட்டியதும் இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே தண்டு போல ஆகிவிடுகின்றன. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்கிறதோ அந்தப் பக்க ஷாஃப்ட் மொத்தச் சுமையையும் ஏற்கும். கணக்குக்காக முழு எண்களில் சொல்கிறேன். என்ஜின் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் விகிதம் 3.6, விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.2, ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கர ஜோடியான கிரவுன்–பினியனின் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், உராய்வு இழப்பை விட்டுவிட்டுப் பார்க்க, ஏறத்தாழ 3,170 நியூட்டன் மீட்டர் ஆக்சிலுக்கு வருகிறது. அது முழுவதும் பின் ஆக்சிலுக்கே வந்தாலும், சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்ட் சுமப்பது 1,585-ஐத் தாண்டாது. லாக்கர் பூட்டியிருக்க, ஒரு பின்சக்கரம் தொங்க, முன்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் வழுக்க, அந்த 3,170-உம் ஒரே ஷாஃப்டின் தலையில் இறங்கலாம்.

இறங்கலாம் என்று மட்டுமே சொல்கிறேன். ஏனெனில் டயரின் பிடிமானம் என்று இன்னோர் எல்லையும் இருக்கிறது. 500 கிலோ எடையைத் தாங்கும், 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம், உராய்வுக் கெழு 0.8 உள்ள தரையில், 1,370 நியூட்டன் மீட்டரை ஒட்டிய நிலையிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்கினால் ஷாஃப்ட் தப்பியது. ஆனால் டயர் ஒரு பாறைப் படியில் முட்டி, ஆப்பு அடித்தது போல நின்றுவிட்டால் அது வழுக்க வழியே இல்லை. பெரிய டயர் மாட்டியிருந்தால் ஆரம் கூடுகிறது. ஆரம் கூடக் கூட ஷாஃப்ட் தாங்க வேண்டிய விசையும் கூடுகிறது. எல்லாவற்றிலும் கொடியது அதிர்ச்சிதான்: சேற்றில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரென்று ஒரு கல்லைக் கவ்வும்போது, என்ஜினின் முறுக்கோடு, சுழன்றுகொண்டிருந்த ஃப்ளைவீல் முதல் ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் ஜாயிண்ட் ராடு வரையிலான அத்தனை இரும்பின் வேகமும் ஒரு நொடிக்குள் அந்தத் தண்டின் மீது வந்து விழுகிறது. நான் பார்த்த முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்ந்தன. ஓட்டியவர்கள் எல்லோருமே ‘லேசாகத்தான் மிதித்தேன்’ என்றே சொல்லியிருக்கிறார்கள்.

முறிந்த துண்டைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முறிந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, கிளிஞ்சலின் மேல் இருப்பது போன்ற வளைகோடுகளுடன், எண்ணெய்க் கறையோ துருவோ ஏறிக் கறுத்திருந்து, எஞ்சிய பகுதி மட்டும் புதிதாகச் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. லாக்கர் கடைசித் தள்ளலை மட்டுமே கொடுத்திருக்கிறது. முகம் முழுவதும் புதிதாக, சுழன்று இழுபட்ட தடத்துடன் இருந்தால் அது ஒரே அடியில் நேர்ந்த முறிவு. அடுத்து, துண்டின் முனையிலுள்ள ஸ்ப்லைன் பற்களின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வையுங்கள். பற்கள் ஸ்கேலோடு நேராக ஓடாமல் கயிற்றுப் புரி போல ஒரு பக்கம் திரும்பியிருந்தால், ஷாஃப்ட் தன் எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்தது என்று பொருள். இடப்பக்க ஷாஃப்டையும் வெளியே எடுத்து இதே சோதனையைச் செய்துவிடுங்கள். அதுவும் அதே பாடுதான் பட்டிருக்கிறது.

புதிய ஷாஃப்டை மாட்டுவதற்கு முன் அதன் உடல் நெடுகிலும் வெள்ளை பெயிண்டால் நேர்க்கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அடுத்த முறை சீல் மாற்றக் கழற்றும்போது அந்தக் கோடு சுருளாகத் தெரிந்தால், அது முறியும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடலாம். செலவில்லாத சோதனை.

கேள்வி: தடத்தின் நடுவில் ஷாஃப்ட் முறிந்தால் அங்கேயே மாற்ற முடியுமா? முடியாவிட்டால் வண்டியை எப்படி இறக்குவது? – வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் ஆக்சில் எந்த வகை என்பதைப் பொறுத்தது. சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே புடைத்திருந்து, அதன் முகத்தில் ஒரு வட்டமாக போல்டுகள் இருந்தால் அது முழு மிதவை ஆக்சில். நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் லாரியை இழுத்துச் செல்வதற்கு முன், அந்த போல்டுகளைக் கழற்றி நீண்ட தண்டை உருவி வண்டியின் மேல் போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியின் எடையை ஹப்பும் பேரிங்கும் தாங்குகின்றன. தண்டின் வேலை சுழற்றுவது மட்டும். இந்த வகையில் சக்கரத்தைக் கழற்றாமலேயே, ஜாக்கி கூட வைக்காமல், ஷாஃப்டை மாற்றிவிடலாம். மாற்று ஷாஃப்ட் இல்லாவிட்டால் ஹப்பின் வாயை ஒரு தகட்டால் மூடி, எண்ணெய் கொட்டாமல் பார்த்துக்கொண்டு ஊர்ந்து வரலாம்.

அரை மிதவை ஆக்சிலில் சக்கரம் அந்த ஷாஃப்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பேரிங்குக்கு வெளியே முறிந்திருந்தால் சக்கரமே கழன்று போகக்கூடும். ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. பேரிங்கை அச்சில் ஏற்றி, வளையம் போட்டுப் பூட்டிய தயார் ஷாஃப்டை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தால் மட்டுமே தடத்தில் மாற்றுவது சாத்தியம்; வெறும் தண்டை மட்டும் கொண்டுபோனால் பேரிங்கை ஏற்றப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கையை வைப்பதற்கு முன் நான்கு சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுங்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஆக்சிலில் ஒரு ஷாஃப்ட் முறிந்துவிட்டால், கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்த ஆக்சில் வண்டியைப் பிடித்து வைக்காது. முறிந்த பக்கம் உள்ளே சும்மா சுழலும், வண்டி உருளும். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஜாயிண்ட் ராடின் மேல் இருக்கிறது. அதுவும் அதே நேரத்தில் பயனற்றுப் போய்விடும்.

வெளித்துண்டு எளிதாக வந்துவிடும்; உள்ளே தங்கிய துண்டுதான் பொறுமையைச் சோதிக்கும். நீண்ட கம்பியின் முனையில் கட்டிய காந்தமோ, துண்டின் மேல் சுருக்குப் போடும்படி வளைத்த கட்டுக்கம்பியோ உதவும். எதிர்ப்பக்க ஷாஃப்டை உருவிவிட்டு அந்த வழியாகக் கம்பியால் தள்ளுவது சில ஆக்சில்களில் நடக்கும்; பல லாக்கர்களில் நடுவே குறுக்குத்தண்டு இருப்பதால் நடக்காது. துண்டுகள் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் பரப்பி, சிதறிய தோசைக்கல்லை ஒட்டவைப்பது போல ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரு ஸ்ப்லைன் பல்லின் சில்லு குறைந்தாலும் அது ஆக்சிலின் உறையான ஹவுசிங்குக்குள்தான் கிடக்கிறது. நாளை கிரவுன் பற்களுக்கு நடுவே போய் நிற்கும். எண்ணெயைத் துணியில் வடிகட்டி அதைத் தேடி எடுத்த பிறகே மூடவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஷாஃப்டை முறித்த அதே லாக்கர் வண்டியை வீடு சேர்க்கவும் செய்யும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்கம் முறிந்தால் அந்த ஆக்சிலே செத்ததற்குச் சமம். இருக்கும் விசையெல்லாம் முறிந்த பக்கம் வழியாக ஓடிவிடும். லாக்கர் பூட்டியிருந்தால் நல்ல பக்கத்துச் சக்கரம் தொடர்ந்து தள்ளும். ஒரு பக்கமாக இழுக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருத்திக்கொண்டே வரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் இப்போது அந்த ஒற்றை ஷாஃப்ட்தான் எல்லாவற்றையும் சுமக்கிறது என்ற நினைவு இருக்கட்டும்.

கேள்வி: சந்தையில் கிடைக்கும் பலமான கலப்பு எஃகு ஷாஃப்டுகளை இரு பக்கமும் போட்டுவிட்டால் கவலை தீர்ந்துவிடுமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஷாஃப்டைப் பற்றிய கவலை பெருமளவு தீரும். குரோமியம், மாலிப்டினம், நிக்கல் கலந்த 4340 வகை எஃகுக்கு நல்ல பெயர் உண்டு. விட்டம் கூடினாலும் பலம் வேகமாகக் கூடும்: முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்பதால், 10 விழுக்காடு தடித்த தண்டு 33 விழுக்காடு கூடுதலாகத் தாங்கும். ஆனால் முறிய வேண்டிய விசை எங்கும் போய்விடவில்லை. அது அடுத்து மெலிந்த இடத்தைத் தேடும். ஜாயிண்ட் ராடின் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு), அதுவும் தாங்கினால் கிரவுன்–பினியன்.

கிராஸ் போனால் தடத்திலேயே அரை மணி நேரத்தில் மாற்றலாம். கிரவுன் பல் போனால் வண்டி பட்டறையில் பல நாள் படுக்கும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று சேர்த்து இழைக்கப்பட்ட ஜோடிகள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. மாற்றிய பின் பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, பற்களுக்கு இடையிலான இடைவெளியை டயல் கேஜில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அது 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டு எண்ணே இறுதியானது. பிறகு பற்களில் வண்ணப்பசை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்வையாலேயே பொருத்திவிடுவேன் என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அதனால்தான், தடத்தில் எளிதில் மாற்றக்கூடிய ஷாஃப்ட் உள்ளவர்களுக்குக் கம்பெனி ஷாஃப்டையே போட்டு, உபரியாக இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். எங்காவது உடையத்தான் வேண்டுமென்றால் மலிவான இடத்தில் உடையட்டும்.

கிரவுனைக் காப்பாற்ற இன்னொன்று: சிக்கிய வண்டியை ரிவர்ஸில் உறுமவிட்டு உதறாதீர்கள். ரிவர்ஸில் பின் ஆக்சிலின் கிரவுன் பற்கள் தங்கள் பின்முகத்தில் விசை வாங்குகின்றன. அந்த முகம் முன்முகம் அளவுக்குத் தாங்காது. முன் ஆக்சிலிலும் லாக்கர் இருப்பவர்கள், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த நிலையில் ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. கோணம் கூடக் கூட முன்சக்கர ஜாயிண்ட் தாங்கும் அளவு குறைந்துகொண்டே போகும்.

கேள்வி: லாக்கர் வாங்கப் பணமில்லை. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன் பற்சக்கரங்களை வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன? – வாசகர், நாமக்கல்

பதில்: தடத்தில் மட்டுமே ஓடி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் போட்டி வண்டி என்றால் சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். உங்கள் ஊர்க் கொல்லிமலைச் சாலையையே எடுத்துக்கொள்வோம். வண்டி ஓர் அரைவட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடக் கூடுதலாக ஓடும் தூரம், வளைவு பெரிதோ சிறிதோ, சக்கர இடைவெளியை 3.14-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான். இடைவெளி 1.3 மீட்டர் என்றால் ஒரு வளைவுக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முழு அரைவட்டங்களாகக் கொண்டால் ஒருமுறை ஏறுவதற்குள் சுமார் 285 மீட்டர். அத்தனையையும் டயர் தாரில் தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். தேயும் ஒவ்வொரு கணமும் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். முதல் கேள்வியில் சொன்ன கிளிஞ்சல் கோடுகள் இப்படித்தான் வளர்கின்றன. மழை நாளில் வண்டி வளைவுக்குள் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும் என்பது அதைவிட மோசம். பற்றவைப்பின் சூட்டில் பினியன் பற்கள் நொறுங்கும் தன்மை அடைந்து, துண்டு பெயர்ந்து கிரவுனுக்குள் விழுவதும் உண்டு.

கேள்வி: என் வண்டியில் தானே பூட்டிக்கொள்ளும் லாக்கர் இருக்கிறது. பூட்டும்போது ‘டம்’ என்று ஒரு சத்தம். இயல்பா? – வாசகர், சென்னை

பதில்: மெல்லிய சத்தம் இயல்பு. இந்த வகையில் பல லாக்கர்கள், இரு சக்கரங்களின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபட்டதும் பூட்டிக்கொள்ளும். மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. வழுக்கும் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதே, காலை அசைக்காமல் ஒரு கணம் பொறுத்தால் அது அமைதியாகப் பூட்டும். பொறுமையிழந்து மிதித்தால் பெரிய வேக வேறுபாட்டில் அறைந்து பூட்டும். அந்த அறைதான் நீங்கள் கேட்ட ‘டம்’.

கேள்வி: ஓடையைக் கடந்து வந்தபின் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் காபி நிறத்தில் இருக்கிறது. அப்படியே ஓட்டலாமா? – வாசகர், வால்பாறை

பதில்: கூடாது, தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. எண்ணெயை மாற்றுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்றுங்கள். ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுத்துளையான பிரீதரில் சேறு அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி, பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.